ஒரே நிலத்தில் ஆடும் தேனீயும் பாத்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்திருந்தன. தக்காளியில் இலைக்கருகலுக்குப் போர்டோ கலவை தெளிப்பது பற்றி ஒன்று, கால்நடைகளுக்குத் தாது உப்பு கொடுப்பது பற்றி ஒன்று, தோட்டத்தில் தேனீப் பெட்டி வைப்பது பற்றி ஒன்று. தனித்தனியாகப் படித்தால் மூன்றிலும் குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் மூன்றையும் ஒரே நிலத்தில் வைத்திருக்கிற ஒருவர் அவற்றை அப்படியே கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவான இடம். அதில் காய்கறிப் பாத்திகள், ஒன்பது செம்மறி ஆடுகள், நான்கு தேனீப் பெட்டிகள். ஆட்டுப் புழுக்கை மக்கிப் பாத்திக்குப் போகிறது. பாத்தியில் பிடுங்கும் களை ஆட்டுக்குப் போகிறது. பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது, காற்றில் பறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தால்தான் காய். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும். இப்படி ஒன்றை நம்பி ஒன்று நிற்கிற இடத்தில், ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து அதோடு நிற்பதில்லை.

முதலில் தாமிரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழை விடாமல் பெய்த பருவத்தில் தக்காளியைக் காப்பாற்ற வேண்டும் என்று பத்து நாளுக்கு ஒருமுறை போர்டோ கலவை அடித்தேன். 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் எனக்கு வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்வேன். செடிகள் நன்றாக இருந்தன. வரிசைகளுக்கு நடுவே வளர்ந்த புல்லை வாரம் இரண்டு முறை அறுத்துப் பட்டியில் போட்டேன். இலைகளில் நீலம் படிந்திருந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை. அதே சமயம் மாட்டுக்கான தாது உப்பையே ஆட்டுக்கும் வைத்தேன். விற்றவர், "மாட்டுக்கு நல்லதுன்னா ஆட்டுக்கும் நல்லதுதாங்க" என்றார். நானும் சரி என்று வாங்கி வந்தேன்.

மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம், மயிர் கத்தரித்த மறுவாரம், ஒரு தாய் ஆடு மற்றவற்றை விட்டு விலகித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளை விழி மஞ்சள் தடவியது போல இருந்தது. அது நின்ற இடத்தில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் மண்ணில் ஊறியிருந்தது. மறுநாள் இறந்துவிட்டது. மூன்றாம் நாள் இன்னொன்று. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது ஈரல் மஞ்சள் பூத்திருந்தது, சிறுநீரகம் கறுத்திருந்தது. பார்த்தவுடனேயே, "தாமிரம் ஏதாவது கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. உடம்பில் சேரும் மிகுதித் தாமிரத்தைப் பித்தத்தோடு வெளியேற்றுவதில் மாட்டை விட செம்மறி மிகவும் பின்தங்கியது. அதன் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். வெளியே ஆடு கொழுகொழுவென்று இருக்கும். பிறகு மயிர் கத்தரிப்பு, வண்டிப் பயணம், தீவனக் குறைவு என்று ஏதாவது ஒரு நெருக்கடி வரும்போது சேர்த்த தாமிரம் மொத்தமும் ரத்தத்தில் இறங்கும். சிவப்பணுக்கள் உடையும். அந்த நிலைக்கு வந்த ஆட்டைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். உலர் தீவனம் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் நீண்ட நாள் போனாலே செம்மறிக்கு ஆபத்து. மாடு 40 வரை தாங்கும். மாட்டுத் தாது உப்பு ஆட்டுக்கு ஏன் ஆகாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். மீதி ஆடுகளுக்கு மாலிப்டினம் கலந்த மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தோம், பிழைத்தன. இப்போது செம்மறிக்கென்றே தாமிரம் சேர்க்காமல் செய்த உப்புதான் வைக்கிறேன். தாமிர மருந்து அடித்த பாத்தியின் புல் பட்டிக்குள் போகாது. குளம்பு அழுகலுக்குக் கால் நனைக்கும் தொட்டியில்கூட மயில்துத்தத்தை நிறுத்திவிட்டு, 10 சதவீத துத்தநாக சல்பேட் கரைசல் வைக்கிறேன்.

உங்கள் தாது உப்புக் கட்டுரையில் "ஆடு, மாடுகளுக்கு" என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு ஆடுகளும் கண்முன் வந்து நின்றன.

தேனீ விஷயம் வேறு மாதிரி. அதில் தப்பு என் நிலத்தில் நடக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், பூத்து நின்ற எள்ளில் காலை பத்து மணிக்குப் பூச்சி மருந்து அடித்தார். மதியத்துக்குள் என் இரண்டு பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். நாக்கு வெளியே நீண்டிருந்தது, பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகள் அப்படியே இருந்தன. சுமையை வீடு வரைக்கும் கொண்டுவந்து வாசலில் விழுந்திருக்கிறது. ஒரு தேனீ நல்ல பூவைக் கண்டால் அந்தத் திசையையும் தூரத்தையும் அடை மேல் நடனமாடி மற்றவற்றுக்குச் சொல்லும். அதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து அடித்த வயலுக்கும் அதே நடனத்தால்தான் கூட்டமாகப் போய்ச் சேர்கின்றன.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சண்டை போடவில்லை, செத்த தேனீக்களை ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டினேன். "பூவில அடிக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இப்போது முந்தைய நாளே தகவல் சொல்லிவிடுகிறார். தேனீக்கள் கூடு அடைந்த பிறகு, பொழுது சாய்ந்துதான் தெளிக்கிறார். பூக்கும் சமயத்தில் கூடுமானவரை தவிர்த்தும் விடுகிறார். மாலையில் அடித்தால் மட்டும் எல்லா மருந்திலும் தப்பிவிட முடியாது. இமிடாகுளோப்ரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதையும் அதன் வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு மருந்துகளையும் திறந்தவெளிப் பயிரில் தடை செய்ததற்குக் காரணமே தேனீதான்.

குடற்புழு மருந்திலும் இதே கதைதான். ஐவர்மெக்டின் ஆட்டின் வயிற்றோடு முடிவதில்லை. புழுக்கையில் வெளியேறிச் சாணி வண்டின் புழுக்களைக் கொல்கிறது. நான் எல்லா ஆட்டுக்கும் நாள் குறித்துக் கொடுப்பதை விட்டுவிட்டேன். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவுக்காகத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற நிற அட்டையோடு கீழ் இமையின் உட்புற நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வெளுத்திருக்கிற ஆட்டுக்கு மட்டும் மருந்து. வேலியோர அரளியையும் வேரோடு எடுத்துவிட்டேன். கத்தரித்துப் போட்ட அரளி காய்ந்த பிறகும் நஞ்சுதான்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வேளாண் பக்கத்தில் எந்த மருந்தை, எந்த உப்பைப் பரிந்துரைத்தாலும் கடைசியில் இரண்டு வரி சேருங்கள்: அதில் என்ன மருந்துப் பொருள் இருக்கிறது, அதே நிலத்தில் செம்மறியோ தேனீயோ இருந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் கழித்து மேய விடலாம், எந்த நேரத்தில் தெளிக்கலாம். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை. சென்ற வாரத் தாது உப்புக் கட்டுரைக்கு ஒரு திருத்தத்தை அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள். அதைப் படித்துவிட்டு மாட்டு உப்பை வாங்கி வந்து செம்மறிப் பட்டியில் வைத்திருப்பவர்கள் இந்நேரம் இருக்கக்கூடும். அவர்களுடைய ஆடுகள் இன்னும் கொழுகொழுவென்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்பது ஆடுகளும் நான்கு தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கும் உங்கள் வாசகி