‘மெட்ரோபோலிஸ்’: குறை கதையிலா, டிஸ்க்கிலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய படங்களை வீட்டில் மறுபடி பார்ப்பது பற்றிய தங்கள் திரைப் பக்கக் கட்டுரையில், ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ பார்க்கப் பிரமாண்டம், ஆனால் கதையில் தலையும் இல்லை வாலும் இல்லை என்ற கருத்து வந்திருந்தது. விஞ்ஞானி ரோட்வாங் எதற்காக அந்த இயந்திரப் பெண்ணைச் செய்கிறான், முதலாளியின் ஒல்லியான ஒற்றன் ஏன் வந்த வேகத்தில் மறைந்துபோகிறான் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். இரண்டுக்கும் படத்தில் பதில் உண்டு. அவர் பார்த்த பதிப்பில் அது இல்லை, அவ்வளவுதான். இந்தப் படத்தைப் பொறுத்தவரை எதைப் பார்த்தோம் என்று சொல்லாமல் எப்படி இருந்தது என்று சொல்வது நியாயமாகாது.

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிட்டபோது படத்தின் நீளம் 4,189 மீட்டர். 35 எம்எம் பிலிமில் ஒரு மீட்டருக்கு 52க்குச் சற்று மேல் பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். வினாடிக்கு 24 பிரேம் ஓட்டினால் 153 நிமிடம் வரும். அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனம் நாடக ஆசிரியர் சானிங் போலக்கைக் கொண்டு படத்தை வெட்டிக் கதையையே மாற்றியது. அதே ஆண்டில் ஜெர்மனியிலும் 3,241 மீட்டராகச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். இன்று சுற்றிவரும் குறும்பதிப்புகளுக்கெல்லாம் மூலம் அந்த வெட்டுகள்தான்.

வெட்டில் முதலில் பலியானது ஹெல் என்ற பெண்ணின் கதை. ரோட்வாங் காதலித்தவள் அவள். அவளை மணந்தது நகரத்தின் அதிபர் யோ ஃப்ரெடர்சன். மகன் ஃப்ரெடரைப் பெற்றெடுத்தபோது இறந்துபோகிறாள். அவளை உலோகத்தில் திரும்பக் கொண்டுவரவே ரோட்வாங் இயந்திரப் பெண்ணைச் செய்கிறான். அதற்காகத் தன் கையையே இழந்திருக்கிறான். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கிறது என்று அமெரிக்கப் பதிப்பில் அவளையே நீக்கிவிட்டார்கள். அவள் போனதும் ரோட்வாங் வெறும் கிறுக்கு விஞ்ஞானி ஆகிவிட்டான். ஃப்ரெடர்சனை அழிக்க அவனுக்கு இருந்த காரணமும் கூடவே போயிற்று.

கையில் உள்ள டிஸ்க் எது என்று கண்டுபிடிக்க முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட பதிப்பு ஏறக்குறைய 150 நிமிடம். 2001இல் மீட்டெடுத்த பதிப்பு 124 நிமிடம். அதில் தொலைந்த காட்சிகளை எழுத்து அட்டைகள் சுருக்கமாகச் சொல்லும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் புழங்கிய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறை டிவிடியில் வினாடிக்கு 25 பிரேம் ஓடுவதால் இதே பதிப்பு சுமார் 119 நிமிடத்தில் முடியும், இசையின் சுருதியும் சற்று ஏறும். அந்த ஐந்து நிமிடக் குறைவு வெட்டு அல்ல. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக, வண்ணச் சாயமும் பாட்டுகளுமாக ஓடினால் அது 1984இல் ஜியார்ஜியோ மொரோடர் தயாரித்த பதிப்பு. அதைத் தனிப் படைப்பாக ரசிக்கலாம், மூலப் படத்துக்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

டிஸ்க் உறையில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப முடியவில்லையா? ஃப்ரெடர்சன் ரோட்வாங்கின் வீட்டுக்குப் போகும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் ஹெல்லின் பெரிய கல் தலை தெரிந்தால் அது 2010 பதிப்பு. 11811 என்ற எண்ணுள்ள தொழிலாளி ஃப்ரெடரின் உடையைப் போட்டுக்கொண்டு காரில் ‘யோஷிவாரா’ கேளிக்கை விடுதிக்குப் போவதும், ஒற்றன் அவனையும், ஃப்ரெடர்சன் வேலையைவிட்டு நீக்கிய உதவியாளன் யோசஃபாத்தையும் துரத்துவதும் முழுதாகக் கிடைப்பது அதில்தான்.

அந்தக் காட்சிகள் 2008இல் பியூனஸ் அயர்ஸ் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 எம்எம் டூப் நெகட்டிவாக, அதாவது நகலெடுத்த நெகட்டிவாகக் கிடைத்தவை. தேய்ந்துபோன 35 எம்எம் பிரிண்டிலிருந்து அதை நகலெடுத்தபோது கீறல்களும் அழுக்கும் படத்தோடு சேர்ந்தே பதிந்துவிட்டன. பிலிமின் மேல் விழுந்த கீறலைக் கழுவித் தேய்த்து ஓரளவு மறைக்கலாம். படமாகவே பதிந்த கீறலை அப்படி எடுக்க முடியாது. பிரேமின் ஓரமும் நகலெடுப்பில் கொஞ்சம் போய்விட்டது. மீட்டவர்கள் அந்த ஷாட்களை இழுத்துப் பெரிதாக்கவில்லை, இழந்த ஓரத்தைக் கறுப்பாகவே விட்டார்கள். நேர்மையான முடிவு அது. மழை பெய்வது போன்ற கோடுகளும் சுருங்கிய சட்டகமும் வந்தாலே எண்பது ஆண்டு காணாமல் போயிருந்த காட்சி இது என்று தெரிந்துவிடுகிறது.

இங்கேதான் டிவி காலை வாரும். படத்தின் புள்ளிகளைத் துடைக்கச் சத்தமில்லாமல் வேலை செய்யும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கீறலோடு முகத்தையும் மெழுகாக்கிவிடும். இடையில் பிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ செங்குத்துக் கோடுகளை அசைவு என்று எடுத்துக்கொண்டு கையையும் தலையையும் சுற்றி நிழல் போடும். இரண்டையும் நிறுத்துங்கள், ‘ஷார்ப்னஸ்’ஸைக் குறையுங்கள், பிளேயரில் வினாடிக்கு 24 பிரேம் தரும் 24பி வெளியீட்டை இயக்குங்கள். அகலத்திரைக்கு நிரப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். சோதனை எளிது: தொடக்கத்தில் வரும், பத்து மணி நேரம் மட்டுமே காட்டும் வட்டக் கடிகாரம் முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது என்று பொருள்.

ஓட்டத்தின் வேகம் பற்றி ஒரு வார்த்தை. மாந்தர்கள் படபடவென்று நகர்கிறார்களே என்று சிலர் மென்பொருளில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். 20 பிரேமில் ஓட்டினால் முழு நீளப் படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும், படத்துக்காகவே கோட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸ் அமைத்த இசையும் குலைந்துபோகும். காட்சிகளை வரிசைப்படுத்தவே அந்த இசைக் குறிப்புகள்தான் உதவின. தொழிலாளர் எழுச்சியில் பிரெஞ்சு நாட்டுப்பண்ணான ‘மார்செய்யேஸ்’ மெட்டு தலைகாட்டுவதைக் கேட்டால் சரியான இசையோடு பார்க்கிறீர்கள் என்று அறியலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நகல்கள் பலவற்றில் யாரோ ஒட்டிய இசைதான் ஓடுகிறது.

எழுத்து அட்டைகளை ஜெர்மன் மொழியிலேயே வைத்துச் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. தொழிலாளர் நகரம் பூமியின் அடியில் இருப்பதைச் சொல்லும் வரிகள் கீழ்நோக்கி இறங்கும், ‘பாபேல்’ என்ற சொல்லில் ரத்தம் வழியும். வேற்று மொழியில் மாற்றிப் போட்ட அட்டைகளில் இந்த வேலைப்பாடு பெரும்பாலும் இருக்காது.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. படமே மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கிறது: முதலாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டாவது சுமார் அரை மணி, மிச்சம் மூன்றாவது. பகுதிக்கு ஓர் அமர்வு வைத்துக்கொண்டால் அலுக்காது. பாதிரியாரின் பிரசங்கமும், ஃப்ரெடர்சனும் ரோட்வாங்கும் மோதிக்கொள்ளும் காட்சியும் 2010 பதிப்பிலும் இல்லை. அங்கே எழுத்து அட்டைதான் வரும். டிஸ்க் பழுது என்று தள்ளிவிட்டால், ரோட்வாங்கிடம் சிக்கிய கதாநாயகி மரியா எப்படித் தப்பினாள் என்பது புரியாமல் போகும்.

முழுப் பதிப்பிலும் முடிவு பலவீனம்தான். முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கிக்கொள்வதால் எதுவும் தீர்ந்துவிடுவதில்லை. அந்தக் குறையை லாங் மீதும் திரைக்கதை எழுதிய தியா ஃபான் ஹார்போ மீதும் தாராளமாகச் சுமத்தலாம். கத்தரிக்கோல் செய்த குறையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்பதே கோரிக்கை. இனி இத்தகைய படங்களைப் பரிந்துரைக்கும்போது பதிப்பின் ஆண்டையும் ஓடும் நேரத்தையும் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்