வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைட்டமின் டி எலும்புக்கு மட்டுமே உரியது என்று நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பலரும் எண்ணுகிறார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களிலும் அதற்கான ஏற்பிகள் உண்டு; எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கிவிடாதபடி அடக்கி வைக்கும் 'டி' (T) செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்கு இந்த வைட்டமின் துணைபுரிகிறது. அந்த அடக்கம் தளரும்போதுதான் சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் போன்ற நோய்கள் தலைகாட்டுகின்றன.

அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உட்கொண்டவர்களிடம் இத்தகைய நோய்கள் 22 சதவீதம் குறைவாகத் தோன்றியதாக 2022இல் வெளியான முடிவு கூறுகிறது. இது தடுப்பு பற்றியதே. வந்துவிட்ட நோயை அது தீர்க்கும் என்று பொருளல்ல.

என் அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் சொம்பைப் பிடிக்கக்கூட அவர் விரல்கள் மடங்குவதில்லை. வாரம் ஒன்று என மருத்துவர் எழுதிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்று போடும்படி ஒரு மருந்துக் கடையில் சொல்லிவிட்டார்கள். பத்தாம் நாள் சீட்டை எடுத்துப் பார்த்துப் பதறிப்போனேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

ஆகவே, மாத்திரை உறையின் மேல் 'வாரம் ஒரு முறை' என்று தமிழில் எழுதித் தருவதை மருந்துக் கடைகளில் கட்டாயமாக்க வேண்டும். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பின் வீடு திரும்புவதால், வைட்டமின் டி தரும் வெயிலே மேலே படாத ஓசூர்ப் பெண்களுக்கு, மருத்துவர் தேவை எனக் கருதினால், வைட்டமின் டி அளவை அறியும் ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்யவும் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டினம்.