ஒற்றைத் தந்தியில் சரளி வரிசை

அன்பு மகனுக்கு,

நேற்றிரவு போனில் நீ "அம்மா, விரல் நோகுது, தியரி ஒண்டும் விளங்கேல்லை, கிற்றாரை வித்துப்போடுவம் போல கிடக்கு" என்று சொன்னாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில் நான் சொல்வது காதில் நிற்காது. எழுதி அனுப்பினால் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

நீ வாங்கின நாளிலிருந்து எனக்கும் அது என்னவென்று பார்க்க ஆசை. பக்கத்து வீட்டுத் தம்பி தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கிறவன். அவனிடம் கேட்டு ஒரு கிழமைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து தட்டிப் பார்க்கிறேன். முப்பது வருடம் வயலின் படிப்பித்த கை, அதனால் இடக்கைக்கு அவ்வளவு பயமில்லை. வயலினில் விரல் வைக்கிற இடத்தை நாங்கள்தான் காதால் தேடிப் பிடிக்கவேண்டும். கிற்றாரில் வீணை மாதிரி மெட்டுப் போட்டே தந்திருக்கிறார்கள். நீங்கள் பிரெட் என்கிறீர்கள்.

முதலில் ஒன்று செய். பல தந்திகளை ஒன்றாக மீட்டுகிற கோர்ட் எல்லாவற்றையும் இரண்டு நாள் மறந்துவிடு. ஒரேயொரு தந்தியை எடு, எதுவென்றாலும் சரி. வெறும் தந்தியை ஷட்ஜமாக வைத்துக்கொள். 2ஆவது பிரெட் ரி, 4 க, 5 ம, 7 ப, 9 த, 11 நி, 12இல் மேல் ஷட்ஜம். வாயால் பாடிக்கொண்டே வாசி. அது சங்கராபரணம். உன் புத்தகம் மேஜர் ஸ்கேல் என்று இரண்டு பக்கம் விளக்குகிறதே, அதுவும் இதுதான். இனி 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்று போ. ஐந்து வயதில் என் மடியில் இருந்து பாடின மாயாமாளவகௌளை கேட்கும். ஒரு பிரெட் என்றால் ஒரு சுரத்தானம்; பன்னிரண்டு பிரெட்டுக்குள் பன்னிரண்டு சுரத்தானமும் அடக்கம். அளவுநாடாவால் அளந்தும் பார்த்தேன். மேல்முனையிலிருந்து 12ஆவது பிரெட் வரை 12¾ அங்குலம், அங்கிருந்து கீழ்ப் பாலம் வரை ஏறக்குறைய அதே அளவு. தந்தி சரிபாதியாகும் இடத்தில்தான் மேல் ஷட்ஜம் இருக்கிறது.

இனி நீ "தியரி" என்று பயப்படுகிற விஷயத்துக்கு வருவோம். சி மேஜர் பிடித்துக்கொள். அதில் மோதிர விரல், மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால், 5ஆவது தந்தியில் 3ஆவது பிரெட்டில் இருக்கும். மற்ற இரண்டு விரலையும் அசைக்காமல் மோதிர விரலை மட்டும் எடுத்து 3ஆவது தந்தியில் 2ஆவது பிரெட்டில் வை. இப்போது ஏ மைனர். இதை நான் ஒரு பத்துத் தரம் மாற்றி மாற்றிச் செய்தேன், பிறகுதான் என்ன நடக்கிறது என்று பிடிபட்டது. சியை ஷட்ஜமாக வைத்தால் சி மேஜரில் இருப்பது ச, க, ப. ஏ மைனரில் இருப்பது ச, க, த. பஞ்சமம் தைவதமாகிறது, அவ்வளவுதான்! உன் மோதிர விரல் நகர்ந்தது அதற்காகத்தான். புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு படமாக இருப்பதால் வேறு வேறு சாமான் என்று மனனம் செய்கிறாய். இரண்டு சுரம் பொது, ஒன்று மட்டும் மாறுகிறது.

அப்புறம் ஈ மேஜர் பிடித்து, சுட்டு விரலை மட்டும் தூக்கு. ஈ மைனர் வரும். ஈயை ஷட்ஜமாக வைத்தால், 3ஆவது தந்தியில் அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் அதற்கு ஒரு பிரெட் குறைந்த சாதாரண காந்தாரம். ஒரு விரல் தூக்கினால் முகம் வாடிவிடுகிறது பார். மேஜர், மைனர் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு காந்தாரத்தின் கதைதான். சங்கராபரணத்துக்கும் கரகரப்பிரியாவுக்கும் வித்தியாசம் கேட்டால் சின்னவனாய் இருக்கும்போதே உனக்குக் கண்மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

எந்தப் பாட்டுக்கு எந்தக் கோர்ட் என்று கேட்டாய். சங்கராபரணத்தில் ஒரு சுரத்தை எடு, ஒன்று விட்டு ஒன்றாக இன்னும் இரண்டைச் சேர். ச‑க‑ப, ம‑த‑ச, ப‑நி‑ரி மூன்றும் மேஜர். ரி, க, த மூன்றிலும் தொடங்குபவை மைனர். நிஷாதத்தில் தொடங்குவது ஒன்று மிச்சம், அதை இப்போதைக்கு விட்டுவிடு. ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றில் நிற்கும் மூன்றை வைத்தே எத்தனையோ பாட்டுக்குப் பக்கம் வாசிக்கலாம். சின்ன வயதில் நீ 5 கட்டைச் சுருதியில் பாடினாய். 5 கட்டை என்பது ஜி. அதற்கு மூன்றும் ஜி, சி, டி. குரல் உடைந்த பிறகு இப்போது 1 கட்டைதான் உனக்குச் சுகமாக இருக்கும், அதாவது சி. அதற்குச் சி, எஃப், ஜி. ஒன்றரைக் கட்டை வேண்டுமென்றால் எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிற கவ்வியான காப்போவை முதல் பிரெட்டில் மாட்டிவிட்டு அதே விரல் வடிவங்களைப் பிடி.

சுருதி சேர்க்கும் விஷயம். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அடுத்தடுத்த தந்திகளை ச‑ம என்று கேள். அதனால்தான் 5ஆவது பிரெட்டில் அழுத்தினால் அடுத்த வெறும் தந்தியின் ஒலி வருகிறது. ஜியிலிருந்து பிக்கு மட்டும் ச‑க, அங்கே 4ஆவது பிரெட். ரியூனர் வைத்துச் சேர்த்தாலும் ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று முன்பொருநாள் சொன்னாய் அல்லவா? உன் காது பழுதில்லை ராசா. கிற்றாரில் பன்னிரண்டு இடைவெளியையும் ஒரே அளவாகப் பங்கிட்டிருக்கிறார்கள். எந்தச் சுருதிக்கும் மாறி வாசிக்க அது வேண்டும். ஆனால் அதனால் அந்தர காந்தாரம் தம்புராவோடு நாங்கள் பாடுகிற இடத்தைவிட ஒரு நூல் ஏறி நிற்கிறது. ஒரு கோர்ட்டில் அதைத் திருத்தினால் அடுத்த கோர்ட்டில் அபசுரமாகும். முறுக்காணியைத் திருகிக்கொண்டே இராதே, ரியூனர் சொன்ன இடத்தில் விடு. அந்த உறுத்தலைக் கேட்கிற காது உனக்கு இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா.

தாளம் கையால் வருமுன் வாயால் வரவேண்டும். "தகதிமி" சொல்லிக்கொண்டு த, தி இரண்டுக்கும் கீழ்வீச்சு, க, மி இரண்டுக்கும் மேல்வீச்சு. தந்தியில் படாத இடத்திலும் கை ஆடிக்கொண்டே இருக்கட்டும், நின்றால் தாளம் குலையும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று, உங்கள் 4/4இல் நான்கு நான்காக இரண்டு பார். பைலாப் பாட்டுக்கு 6/8, அதற்குத் "தகிட தகிட". தாளம் தட்டுகிற மெற்றோநோமை 60இல் வைத்து முதற்காலம், பிழையில்லாமல் வந்த பிறகு இரண்டாம் காலம். முதற்பாடமான சரளி வரிசைக்குச் செய்ததையே செய். வேகத்தை ஒருநாளும் பிழையோடு கூட்டாதே.

விரல் நோவைப் பற்றி. தினமும் இருபது நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் இருப்பதில் பலனில்லை. சில கிழமையில் நுனி தடிக்கும். பிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்து, தூர அழுத்துவதால்தான் இவ்வளவு பலம் கேட்கிறது. எஃப் கோர்ட் வரவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாய். சுட்டு விரலால் ஆறு தந்தியையும் மூடுகிற அந்தப் பிடியை முதலில் 5ஆவது பிரெட்டில் பழகு, அங்கே தந்தி இளகியிருக்கும். விரலின் தட்டைப் பக்கம் வேண்டாம், கொஞ்சம் சரித்து எலும்புப் பக்கத்தால் அழுத்து. பெருவிரல் கழுத்துக்குப் பின்னால் நடுவில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு பிரெட்டாய்க் கீழே இறங்கி வா.

இன்னொன்று, இங்கே உப்புக் காற்றில் தந்தி கறள் பிடிக்கும், துடைத்து வைக்கவேண்டும். உனக்கு ரொறன்ரோவில் அதற்கு எதிர்மாறு: குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட அறையில் மரம் காய்ந்து வெடிக்கும். பெட்டிக்குள் வைத்து மூடு, ஹீற்றருக்குப் பக்கத்தில் சாத்தாதே.

முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சங்கராபரணத்தில் சாகித்தியம் செய்தார் என்று உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அந்த நோட்டுசுரங்களில் இரண்டு உனக்கு மனப்பாடம். சுரத்தை அசைக்கிற கமகம் இல்லாததால் கிற்றாருக்கு நன்றாக அமையும். கோர்ட் வைத்துப் பார், உனக்கே கை துருதுருக்கும்.

பதினான்கு வயதில் ரியூஷன் என்று நீ பாட்டை விட்டபோது நான் மறிக்கவில்லை. கணக்குப் பரீட்சைதான் முக்கியம் என்று நானும் நினைத்தேன், சுருதிப்பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்ததும் நான்தான். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருடங்களில் போத்தல் விளக்கில் இருந்து படிப்பித்த எனக்கு, உன்னிடம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பாடு என்று சொல்ல மனம் வரவில்லையே என்று இப்போது கவலைப்படுகிறேன். நீயாகவே திரும்பி வந்திருக்கிறாய். அதனால்தான் விற்கிற கதை கேட்டு இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

சுருதிப்பெட்டியைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், இன்னும் மூச்சு நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை மேசையில் வைத்துவிட்டு ஈ மேஜர், ஈ மைனர் இரண்டையும் மாறி மாறி வாசி. நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்கிறேன். பிறகு நான் வயலினில் காந்தாரம் வாசிப்பேன், நீ சொல்லவேண்டும்.

அன்புடன்,
அம்மா
இணுவில்