மயில்ராவணனைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

திருவான்மியூரில் நம் குடியிருப்பு மொட்டை மாடியில் பிள்ளைகள் போட்ட சூப்பர் ஹீரோ நாடகம் முடிந்ததும் மேடையிலேயே நன்றி சொல்வதாக இருந்தது. அதற்குள் மைக்கைக் கழற்றிச் சுருட்டிவிட்டார்கள். அதனால் இந்த மடல். யார் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். வேறொரு மாடியில் வேறு பிள்ளைகள் இதே நாடகத்தைப் போடக் கிளம்பினால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதல் வணக்கம் கூத்து வாத்தியாருக்கு. பிள்ளைகள் எழுதி வைத்திருந்த கதை இவ்வளவுதான்: ஐந்து ஹீரோக்கள், அவர்களில் ஒருத்தியை வில்லன் பிடித்துக் கூண்டில் அடைக்கிறான், மீட்க வரும் நால்வரின் மனதையும் வசப்படுத்தி ஒருவரோடு ஒருவரை மோதவிடுகிறான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருடைய புத்தியும் வில்லன் கையில் இருந்தால் அவனை அடிப்பது யார்? வாத்தியார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது மயில்ராவணன் கதைடா. உங்க தாத்தாவுக்கே தெரியும்."

உண்மைதான். அனுமன் தன் வாலையே கோட்டையாகச் சுற்றிக் காவல் இருக்க, மயில்ராவணன் விபீஷணன் உருவில் உள்ளே புகுந்து, ராம லட்சுமணரை மயக்கிப் பாதாளத்துக்குத் தூக்கிப் போகிறான். மீட்கப் போகும் அனுமனை வாசலில் மறிக்கும் மச்சவல்லபன் அனுமனுடைய சொந்த மகன். அசுரனின் உயிர் அவன் உடம்பில் இல்லை, வண்டுகளுக்குள் இருக்கிறது. பிள்ளைகளின் முடிச்சு இதிலேயே அவிழ்ந்துவிட்டது. வில்லனை யாரும் அடிக்க வேண்டியதில்லை. டிபன் பாக்ஸில் எரியும் ஐந்து விளக்கு வண்டுகளையும் அணைத்தால் போதும். அதைச் செய்யப்போவது கூண்டுக்குள் இருப்பவள்தான், ஏனென்றால் அவள் ஒருத்தியைத்தான் வில்லன் இன்னும் மயக்கவில்லை.

வாத்தியார் கொடுத்த இன்னொரு உபகாரம் திரை. கூத்தில் வேஷக்காரர் சட்டென்று வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று முதலில் குரல் கொடுப்பார், சலங்கை கேட்கும், துணிக்கு மேல் கிரீடம் மட்டும் தெரியும், அப்புறம்தான் திரை விலகும். சூப்பர் ஹீரோ வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. கயிறு வேண்டாம், புகை வேண்டாம், நான்கு முழம் துணி போதும். உடை மாற்ற நேரம் தேவைப்பட்ட இடங்களையெல்லாம் கட்டியங்காரனாக, அதாவது கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவராக, வந்த எட்டாம் வகுப்புப் பையன் பேசியே நிரப்பினான்.

அடுத்தது மூன்றாம் மாடி டாக்டரம்மா. வில்லன் மயக்கும் காட்சிக்கு முதலில் நினைத்திருந்தது ஸ்ட்ரோப் லைட். ஒத்திகையில் பார்த்தவுடன் நிறுத்தச் சொன்னார். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும், 15 முதல் 25 வரை போனால் ஆபத்து மிக அதிகம். தனக்கு அந்தத் தன்மை இருப்பதே பலருக்கு முதல் வலிப்பு வரும்வரை தெரியாது என்பதால், "யாருக்காவது இருக்கா?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்தாலும் பயனில்லை.

வேண்டாம் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சுழல் தட்டு என்ற யோசனையும் அவருடையதே. நாடகத்தில் எல்லோரும் விசாரித்தது இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மூன்றடி அகல வட்டத் தட்டில் வரைந்த சுருள் உள்நோக்கிச் சுருங்குவது போல மெதுவாகச் சுற்றுகிறது. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. சபை அந்தப் பொட்டையே 30 நொடி பார்க்கிறது. பிறகு தட்டை ஒரே இழுப்பில் கறுப்புத் துணியால் மூடி, பொட்டு இருந்த அதே இடத்தில் வில்லன் தன் முகத்தைக் கொண்டுவந்து அசையாமல் வைக்கிறான். முகம் வீங்கி முன்னே வருவது போலத் தெரியும். "ஐயோ, மூஞ்சி உப்புதே!" என்று முன்வரிசைப் பாட்டி சத்தம் போட்டது அதனால்தான். உள்நோக்கிய அசைவை உணரும் நரம்பணுக்கள் தொடர்ந்து வேலை செய்து சோர்ந்துவிடுகின்றன. தட்டு நின்றதும் எதிர்த்திசை அணுக்களின் கை ஓங்குகிறது. சில நொடிகளில் அது தானே சரியாகிவிடும். சபையை நிஜமாகவே சில நொடி "வசப்படுத்த" இது ஒன்றே போதும். நிஜ ஹிப்னாட்டிசம் செய்யாத வேலையை நாடகம் செய்துவிட்டது!

பார்க்கிறவர் கண் பொட்டைவிட்டு அலைந்தால் வித்தை பலிக்காது. முகத்தை ஒரு சாண் தள்ளி வைத்தாலும் பலிக்காது. அதனால்தான் வில்லனுக்கு 30 நொடி நீளத்தில் "பொட்டைப் பார், பொட்டைப் பார்" என்று ஒரு பாட்டு. வாத்தியார் அதைத் தாளம் போட்டுக் கடிகாரம் பார்த்துக் கட்டினார். பளிச்சென்ற கோடுகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் கறுப்பு வெள்ளை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பழுப்பும் வெளிர் மஞ்சளும் பூசினோம். முதல் வரிசை தட்டிலிருந்து 15 அடி தள்ளி. ஒரு மாதிரியாக இருந்தால் ஒரு கண்ணைக் கையால் மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று கட்டியங்காரன் முன்பே அறிவித்தான்.

அந்தத் தட்டைச் சுற்ற வைத்தவர் புதுப்பேட்டைக் கடை பாய். பழைய கார் வைப்பர் மோட்டாரைப் பேட்டரியில் தொட்டுப் பார்த்து, மெதுவான வேகத்துக்கு எந்த வயர் என்று சாக்பீஸால் குறித்துக் கொடுத்தார். நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்று. வேகம் ரொம்பக் கூடினால் கோடுகள் கலங்கிவிடும். அவர் சொன்ன இரண்டு எச்சரிக்கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வைப்பர் மோட்டார்களில் வெளிக்கூடே நெகட்டிவ். திசையை மாற்ற வயரை மாற்றிக் கொடுத்தால் கூடு பாசிட்டிவ் ஆகிவிடும், இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தால் ஷார்ட் ஆகக்கூடும். ஆகவே மரச் சட்டம். அடுத்து, சுற்றும் திசையைப் பொறுத்து நட்டு தானே கழன்று வரும், ஸ்பிரிங் வாஷரும் இரண்டாவது நட்டும் போட்டே ஆக வேண்டும். 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை கிளம்பும்போதே படுத்துவிட்டது, 10 ஆம்பியர் தாங்கியது. பல்சக்கர இரைச்சலை அடக்கியது மோட்டாருக்கு அடியில் வைத்த சைக்கிள் டியூப் துண்டு.

சுருளை வரைந்து கொடுத்த பிளெக்ஸ் கடைத் தம்பிக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. சன்போர்டு என்கிற ஃபோம் அட்டையின் நடுவில் 50 மி.மீ. பைப் துண்டு ஒன்றை நிறுத்தி, அதில் நூலைக் கட்டி, மறுமுனையில் பென்சில். நூல் பைப்பில் சுற்றச் சுற்ற ஒவ்வொரு வட்டத்துக்கும் பைப்பின் சுற்றளவு அளவுக்கு, கிட்டத்தட்ட 16 செ.மீ., உள்ளே வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சுருள் வரைந்து, இரண்டுக்கும் நடுவில் வண்ணம் பூசினால் எட்டு எட்டு செ.மீ. பட்டைகள்.

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை கவுன்ட்டர் தம்பிக்கு ஒரு சபாஷ். ஹீரோக்களின் நெற்றிப் பட்டையில் நீலம் எரிந்தால் சுயபுத்தி, சிவப்பு எரிந்தால் வில்லன் வசம். 2032 பட்டன் செல்லில் இரண்டு எல்இடியையும் இணையாகக் கொடுத்தால் சிவப்பு மட்டுமே எரிந்தது. நீலத்தைக் குறை சொல்லி மாற்றித் தரும்படி கேட்டதற்கு அவர் மாற்றித் தரவில்லை, காரணம் சொன்னார். சிவப்பு சுமார் 2 வோல்ட்டில் எரியும். நீலத்துக்கு ஏறக்குறைய 3 வேண்டும். சிவப்பு எரிய ஆரம்பித்தால் சின்ன செல்லின் அழுத்தத்தை 2 வோல்ட் பக்கம் இழுத்து இறக்கிவிடும், நீலம் அணைந்துவிடும். "அப்ப அதையே வச்சுக்கோங்களேன் சார்!" நீலத்தை நேராகவும் சிவப்பை ஒரு பொத்தான் வழியாகவும் கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் சிவப்பு வரும், நீலம் தானாகப் போகும். இருவழி ஸ்விட்ச் செலவு மிச்சம். பட்டன் செல் அதிக மின்னோட்டம் தராது என்பதால்தான் இது நடக்கிறது. பென்சில் செல் இரண்டு போட்டு முயன்றால் சிவப்பு கருகிவிடக்கூடும்.

நான்கு பட்டைக்கு நான்கு செல், வண்டுகளுக்கு ஐந்து, ஆக ஒன்பது. குழந்தை விழுங்கினால் பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஆகவே மூடியில் திருகு போட்ட ஹோல்டர் மட்டும். நாடகம் முடிந்த கையோடு ஒன்பதையும் எண்ணி வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிய இரண்டாம் மாடி அத்தைக்கு எங்கள் நன்றி. எட்டுதான் இருக்கிறது என்று அவர் யாரையும் கீழே இறங்கவிடாமல் நிறுத்திய பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான். (ஒன்பதாவது டிபன் பாக்ஸின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.)

கூண்டு ஏசி மெக்கானிக் அண்ணனின் கைவண்ணம். நான்கடிக்கு நான்கடி, உயரம் ஐந்தடி. சட்டம் முழுக்க எலக்ட்ரிக்கல் பிவிசி பைப். மேல், கீழ் சட்டங்களுக்கு 32 அடி, நான்கு கால்களுக்கு 20 அடி, பத்தடிக் குழாயாக ஆறு வாங்கினால் எட்டடி மீதி. கடல்காற்றில் சாயாமல் இருக்கக் கீழ்ச் சட்டத்துக்குள் உலர்ந்த மணல். ஆனால் அண்ணனின் அறிவு தெரிந்தது முன்பக்கக் கம்பிகளில். ஏசி காப்பர் பைப்புக்கு மாட்டும் கறுப்பு ஃபோம் குழாயின் மிச்சத் துண்டுகளுக்குள் நான்கு இழை கட்டுக்கம்பியை முறுக்கிச் செருகினார். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கையால் வளைத்தால் வளையும், வளைத்தபடியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு இரும்பை வளைத்த மாதிரியே இருக்கும். வெள்ளி பெயின்ட் அடித்தால் முதல் வளைப்பிலேயே உதிர்ந்துவிடும். அவர் தொழிலுக்கு வைத்திருந்த அலுமினிய டேப்பைச் சுற்றியதும் சரியாகிவிட்டது. கம்பி முனைகளை வளையமாக மடித்து டேப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபோமைக் கிழித்துக் கையில் குத்தும்.

தையல்கார அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. கோடவுன் தெருவில் சாட்டின் எடுக்கப் போனவர்களைத் தடுத்து கிரேப் எடுக்க வைத்தவர் அவர். சாட்டின் ஊசிக்கு அடியில் வழுக்கும், ஓரம் பிரியும், மே மாத வியர்வையில் முதுகோடு ஒட்டும். அவர் போட்ட சட்டங்கள் மூன்று. மேலங்கி முழங்காலுக்குக் கீழே வரக் கூடாது. கழுத்தில் முடிச்சு கூடவே கூடாது, இரண்டு தோளிலும் வெல்க்ரோ, யாராவது மிதித்தால் அங்கி கழன்று வர வேண்டும், பிள்ளை பின்னால் விழக் கூடாது. கீழ் ஓரத்தில் கனம் வேண்டும். மூன்றாவதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. மேடையைக் கிழக்குக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தோம். சாயங்காலக் கடல்காற்று பின்னாலிருந்து வீச, ஒத்திகையில் நான்கு அங்கியும் நான்கு தலைமேல் கவிழ்ந்தன. ஹீரோக்களை வில்லன் தொடவே தேவைப்படவில்லை. மறுநாள் அக்கா ஒவ்வொரு அங்கியின் ஓரத்திலும் ஆறு இரும்பு வாஷரை மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

மார்புக் கவசத்துக்குப் தரையில் விரிக்கும் பழைய ஃபோம் பாய் கொடுத்த வீடுகளுக்கு நன்றி. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு டப்பாவில் போட்டிருப்பதைவிட நேரம் ஆகும். ஈரமாகச் சேர்த்த தோள்பட்டைகள்தான் இரண்டாம் காட்சியில் தொங்கின. அதே பசையைத் தெர்மாகோலில் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழியாகும், அதையும் பார்த்தாகிவிட்டது.

முகத்துக்கு முகமூடி வேண்டாம், குரல் அடைபடும் என்று தண்ணீரில் கரையும் வண்ணம் பூசி, முந்தின நாளே ஒவ்வொரு பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் தொட்டு வைத்துச் சோதித்த கல்லூரி அக்காக்கள், மைக் கூவாதபடி ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்த ஒலிக்காரர், நாலு மாடிக்கும் வயரை ஏற்றி இறக்கிய வாட்ச்மேன் தாத்தா, மேல்மாடித் தடதடப்பைப் பத்து நாள் பொறுத்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுழல் தட்டு வாட்ச்மேன் அறையில் துணி போட்டு மூடி இருக்கிறது. கூண்டைப் பிரித்துக் கட்டி மாடிப்படி அடியில் வைத்திருக்கிறோம், மணலைக் கொட்டியாகிவிட்டது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பவர் சப்ளை இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதை நீங்களே கொண்டு வர வேண்டும். முதல் மாடியிலிருந்து வந்த ஏணி எந்த வீட்டுடையது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
மொட்டை மாடி நாடகப் பிள்ளைகளின் பெரியவர்கள்
திருவான்மியூர், சென்னை