லைன் ஒருத்தர், பில்லு இன்னொருத்தர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருந்து எழுதறேன். வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போட எந்த கம்பெனி நல்லதுன்னு கோயில்ல பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க, ஆனா இந்த நாட்டுல தெருவுல கேபிள் புதைக்கற வூமாடெல், ஓப்பன்சர்வ் மாதிரி ஆளுங்க வேற, மாசாமாசம் நம்மகிட்ட ராண்ட் வாங்கற ஆஃப்ரிஹோஸ்ட் மாதிரி ஆளுங்க வேற, இது பாதி பேருக்கு தெரியறதில்ல. நானும் ஸ்பீட் பத்தலைன்னு அவசரப்பட்டு கம்பெனி மாத்தினேன், அதே லைன்தான், அதே தொல்லைதான்! கடைசியில பாத்தா அலமாரிக்குப் பின்னாடி நானே நசுக்கி வெச்ச ஒயர். மொதல்ல உங்க தெருவுல யாரு லைன் இருக்குன்னு பாருங்க, அப்புறம் போன் பண்ணா எடுக்கற கம்பெனியா சேருங்க, அப்லோட் ஸ்பீடையும் கேட்டுக்கோங்க. கரண்ட் போனா ரவுட்டருக்கும் சுவத்துல மாட்டின ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் வேணும், அதை எவனும் சொல்ல மாட்டான்.

– சாட்ஸ்வொர்த் வாசகர்