சிம் கார்டை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு

மதுரையை விட்டுக் கிளம்பி அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே,

உங்கள் இந்திய வரி, வங்கி விஷயமாக உங்களில் ஒருவனுடைய அப்பா எழுதுகிறேன். எஸ்.எஸ். காலனியில், எங்கள் வீட்டு சாமி அலமாரியில் ஒரு பட்டன் போன் இருக்கிறது. அதற்குள் என் மகனுடைய பழைய சிம். டல்லாஸில் அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்றால், ஜூலையில் இங்கே ராத்திரி பத்தரை. "அப்பா, ஓடிபி வந்துச்சா?" என்பான். கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு எண்ணையும் வாசிப்பதற்குள் கெடு முடிந்திருக்கும். மறுபடி அனுப்பச் சொல்வான். என் தங்கை வீட்டில் ரீசார்ஜ் செய்ய மறந்து, சில மாதம் கழித்துப் பார்த்தால் நம்பரே போய்விட்டது. பையனுடைய ஆதார், வங்கி, பான் எல்லாம் அந்த நம்பரில்தான் இருந்தன.

பருப்புப் பொடியை எடை போட்டுக் கட்டுகிற அக்கறையில் கால்வாசி இதற்கும் வேண்டும். வரித் துறைத் தளத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் என்று அங்கே மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாத பலருடைய பான், ஆதாரோடு இணைக்கவில்லை என்று 2023 ஜூலையில் செயலிழந்தது. வருமான வரி ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதை நீங்கள் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். நெட் பேங்கிங் வழியாக அந்தத் தளத்துக்குள் நுழைந்தால் ஆதார் ஓடிபி இல்லாமலே முடிந்துவிடும். என் தூக்கமும் தப்பும்.

அப்புறம் வங்கி. காலேஜில் திறந்த சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவர்களின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். என் மகன் நாலு வருஷம் மாற்றவில்லை. மாற்றியதும் டெபாசிட் வட்டியில் 10 சதவீதமாக இருந்த வரிப் பிடித்தம் 31.2 ஆனது. கோபம் என் மேல் வந்தது! ஆடிட்டர்தான் விளக்கினார்: பிடித்தது முடிவான வரி இல்லை, ரிட்டர்ன் போட்டால், கட்ட வேண்டியதற்கு மேல் பிடித்தது திரும்ப வரும். ஆனால் வரி பிடிக்காதீர்கள் என்று நாங்கள் வங்கியில் எழுதிக் கொடுக்கிறோமே, அது உங்களுக்குக் கிடையாது. டிவியில் சொல்லும் '12 லட்சம் வரை வரியில்லை' என்ற தள்ளுபடியும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். புதிய வரி முறையில் உங்களுக்கு வரியில்லா எல்லை 4 லட்சம்.

வாடகையிலும் ஒரு வில்லங்கம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். இதை, மகன் பேரில் இருக்கும் எங்கள் மாடியில் குடியிருப்பவரிடம் சொன்னேன். "வாடகையே தேதி தள்ளித்தான் தர்றேன், இதுல இது வேறயா சார்?" என்றார். சட்டம் அவர்மேல்தான் பாயும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

துபாயில் வருமான வரி இல்லையே என்பவர்களுக்கு: சம்பளத்துக்கு இல்லை, சரி. மதுரை வாடகைக்கும் வட்டிக்கும் இந்திய வரிக் கணக்குதான். அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். வெளிநாட்டுச் சம்பளத்தை இங்கே போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கின், இங்கே வரி இல்லாத வட்டியையும் அங்கே காட்ட வேண்டும். இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அதை அந்த அரசுக்குத் தனியாகத் தெரிவிக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் எங்களிடம் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. ராத்திரி பத்தரைக்குக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பட்டன் போன் அப்பா