யோகோஹாமாவில் உதவிய பெரியவருக்கு நன்றி

ஜப்பானின் யோகோஹாமா ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில், முழங்கால் வலியோடு நின்ற என் தாயாரைக் கண்டு தாமாகவே முன்வந்து உதவிய பெரியவருக்கு, பெயரைக் கேட்டறிய இயலாததால், இப்பதிவின் வாயிலாக நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கடலோரப் பூங்காவுக்குச் செல்ல ரயிலைவிட ஸீ பாஸ் என்னும் பயணிகள் படகே அம்மாவுக்கு ஏற்றது என்று விளக்கி, படகுத்துறை வரை உடன் நடந்து வந்தவர், எங்கள் வரைபடத்தில் யமாஷிதா பூங்காவையும் ஓசன்பாஷி துறையையும் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். பூங்காவை ஒட்டி 1961 முதல் நிற்கும் ஹிகாவா மாரு கப்பலை அம்மா கரையிலிருந்தே கண்குளிரப் பார்த்தார். மாலையில், சாய்தளமாகவே ஏறிச் செல்லும் ஓசன்பாஷியின் மரத்தள மேற்கூரையில் அமர்ந்து, 112.5 மீட்டர் உயரமுள்ள காஸ்மோ கிளாக் 21 ராட்டினத்தின் விளக்குகள் நிறம் மாறுவதைக் கட்டணமின்றிக் கண்டோம். முதியோரை அழைத்துச் செல்பவர்களுக்கு அந்நகரில் இதைவிட உகந்த இடம் இல்லை என்பேன். ஐயா, தாங்கள் நலமுடன் நீடூழி வாழ வேண்டும்.